உடுப்பை மாட்டுவதற்கு முன்

ஃப்ரோயா தீவு,
பிப்ரவரி 9, ஞாயிறு

அன்புள்ள ராக்னாவுக்கு,

நீ கரையில் இருக்கும்போதே இது உன் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அண்ணி எழுதுகிறேன். நானும் உன் அண்ணனும் இருக்கிறோம். மூன்று நாளாகத் தென்மேற்குக் காற்று. விரைவுப் படகு ஒழுங்காக ஓடவில்லை, அதனால் உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது.

வடக்கே சிப்பிப் படகில் உனக்கு முங்குகிற வேலை கிடைத்ததில் சந்தோஷம்தான். பதினேழாம் தேதி முதல் முங்கல் என்று எழுதியிருக்கிறாய். தண்ணீர் புகாத ட்ரைசூட்டில் எதை வாங்குவது, உள்ளே என்ன போடுவது என்று கேட்டிருக்கிறாய். "படகுல மத்த நாலு பேரும் ஆம்பளைங்க, கேட்டா சிரிப்பானுங்க அண்ணி" என்றும் எழுதியிருக்கிறாய். எல்லாம் சரி. கடைசியில் ஒரு வரி எழுதினாயே, அதை மூன்று தடவை படித்தேன். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் சூட். கடைக்காரன் மெல்லிய துணி சூட்டை உன் தலையில் கட்டப் பார்ப்பான். அது மோசமில்லை. சீக்கிரம் காயும், கிழிந்தால் படகிலேயே ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் அதற்கென்று சூடு கிடையாது. மழைக்கோட்டு மாதிரி தண்ணீரைத் தடுக்கும், அவ்வளவுதான். நுரை ரப்பர் சூட் தானே சூடு தரும், ஆனால் ஆழத்தில் நசுங்கி மெலிந்துபோகும், ஒரு நாள் நனைந்தால் மறுநாளும் ஈரம்தான். உன் இடத்தில் நான் இருந்தால் துணி சூட்டையே எடுப்பேன். முழங்காலில் தடித்த ஒட்டு இருக்கிறதா என்று பார். சிப்பி பொறுக்குகிறவள் பாதி நாள் மண்டி போட்டுத்தான் கிடக்கிறாள்.

ஆம்பளை அளவில் வாங்கித் தொலைக்காதே. நான் வாங்கினேன். இடுப்பில் பிடிக்கும், காலில் தொளதொளவென்று தொங்கும். அந்தத் தொளதொளப்பில் காற்று போய்ச் சேர்ந்தால் கால் மேலே, தலை கீழே என்று தலைகீழாக மேலே கிளம்பிவிடுவாய். கழுத்துப் பட்டை இறுக்கமாக இருந்தால் அவர்களே வெட்டிக் கொடுக்கட்டும், நீ கத்தரிக்கோலை எடுக்காதே.

உள்ளே உடம்போடு ஒட்டி மெல்லிய கம்பளி, அதன்மேல் பஞ்சு வைத்துத் தைத்த முழு உடுப்பு. பருத்தி ஒரு நூல்கூட வேண்டாம், உள்ளாடை உட்பட. வேர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு உன்னை நடுங்க வைக்கும். எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு கடையிலேயே குந்திப் பார், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பார். சிரித்தால் சிரிக்கட்டும். உள்ளே தடிமன் கூடினால் மிதப்பும் கூடும், இடுப்பில் ஈயமும் கூட்ட வேண்டும். அதனால் புது உடுப்போடு நேராக ஆழத்துக்குப் போகாதே. துறையோரம் நாலு மீட்டரில், யாரையாவது கயிறு பிடிக்கச் சொல்லிப் பழகிவிட்டுப் போ.

பார்த்தாயா, எழுதிக்கொண்டே போகிறேன். எழுத வேண்டியதைத் தள்ளிப்போடத்தான்.

உன் கடைசி வரி இது. "பாத்ரூம் கவலை இல்ல அண்ணி. முந்தின நாள் சாயங்காலத்துல இருந்தே ஒண்ணும் குடிக்கிறதில்ல, காலையில காபியும் இல்ல. ஆறு மணி நேரம் தாங்குறேன். எல்லாம் உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான்."

ராக்னா, என்னிடம் கற்றுக்கொண்டாய் என்பது உண்மை. அந்தக் கோடையில் நீ எங்கள் படகில் வந்து இரண்டு வாரம் இருந்தாய். காபி கெட்டிலை நான் தொடாததைப் பார்த்திருக்கிறாய். எங்களோடு முங்கிய ஸ்டைனார் என்னை மெச்சியதையும் கேட்டிருப்பாய். அதற்கு முந்தைய வருடம் அவன் என்ன பேசினான் என்று உனக்குத் தெரியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நான் சூட்டைக் கழற்ற வேண்டும், முதுகு ஜிப்பைத் திறக்க ஒரு ஆள் வேண்டும், பக்கத்துப் பாறைத் தீவுக்குப் படகைத் திருப்ப வேண்டும். "ராணியம்மா இறங்கணுமாம், எஞ்சினை நிறுத்துங்கப்பா" என்பான். மற்றவர்கள் படகின் ஓரத்தில் நின்றபடியே வேலையை முடித்துக்கொண்டு சிரிப்பார்கள். உன் அண்ணனும் சிரிப்பார், பாவம், கெட்ட எண்ணமில்லை. நான்தான் ரோஷப்பட்டு, குடிப்பதை நிறுத்தினேன். ஒரு மாதத்தில் ஸ்டைனார், "இப்பத்தான்டீ நீ டைவர்" என்றான். அந்தப் பேச்சு எனக்குத் தேனாக இனித்தது. அந்த மண்டைக்கனத்தை என்னவென்று சொல்வது.

ஏழு வருடத்துக்கு முன் நடந்ததை விபத்து என்றுதான் எல்லோருக்கும் சொன்னோம். மூன்றாவது முங்கல் முடிந்து மேலே வந்து இருபது நிமிடத்தில் கால் மரத்தது, பிறகு இடுப்புக்குக் கீழே ஒன்றுமே தெரியவில்லை. ஹெலிகாப்டரில் கொண்டுபோய், முங்குகிறவர்களுக்கு வைத்தியம் பார்க்கிற அழுத்த அறையில் போட்டார்கள். டாக்டரம்மா முதலில் கேட்ட கேள்வி, இன்று காலையிலிருந்து எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள் என்பதுதான். உன் அண்ணன் பக்கத்திலேயே நின்றார். இரண்டு காபி, ஒரு பாட்டில் தண்ணீர் என்றேன். பொய். ஒரு சொட்டுக்கூட இல்லை. மூத்திரத்துக்குப் பயந்து தாகத்தோடு முங்கினேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. டாக்டரம்மா நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். உடம்பில் தண்ணீர் வற்றினால் ரத்தம் தடித்துப்போகும், ஆழத்திலிருந்து மேலே வரும்போது அதில் உண்டாகும் காற்றுக் குமிழ்கள் வெளியேற வழியில்லாமல் தங்கிவிடும் என்று பிறகு ஒரு நாள் பொதுவாக விளக்கினார். அது ஒன்றுதான் காரணம் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் என் உடம்பு எனக்குத் தெரியும்.

நான் நொண்டுவது உனக்குத் தெரியும். தெரியாததைச் சொல்கிறேன். அன்றிலிருந்து எனக்குத் தானாக மூத்திரம் போகாது. தினமும் ஐந்து தடவை குழாய் வைத்துத்தான் எடுக்கிறேன். எதை ஆறு மணி நேரம் அடக்கிக்காட்டி வீரம் பேசினேனோ அது போயே போய்விட்டது.

இன்னொன்று இதைவிட மோசம். தண்ணீரில் குறை இல்லை என்று எழுதியாகிவிட்டதால், குறையை வேறெங்கோ தேட வேண்டி வந்தது. படகில் கடிகாரம் பார்த்தவர் உன் அண்ணன். இரண்டாவது முங்கலுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில், குமிழ் வெளியேறப் போதுமான நேரம் விடவில்லையோ என்று அவரே ஆரம்பித்தார். படகை விற்றது முதுகுவலியால் என்று உன்னிடம் சொன்னார், இல்லையா? மீன் ஆலையில் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறார், கையில் கடிகாரம் கட்டுவதில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கரண்டியை வைத்துவிட்டு, "அன்னைக்கு நான் அம்பது நிமிஷம் விட்டேனா, அறுபதா?" என்று கேட்பார். ஏழு வருடமாகக் கேட்கிறார். ஞாபகமில்லை என்பேன்.

எனக்கு ஞாபகம் இருக்கிறது. அறுபத்தைந்து. அறுபது விட்டாலே போதும். தாகத்தில் நாக்கு வறண்டு, எப்போது முடியும் என்று நானும் அதே கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். போன் பேசும்போது அவர் எதிரில் உட்கார்ந்திருப்பார். இல்லாவிட்டாலும் என் வாயிலிருந்து வராது. உன்னிடம் மறைத்தால் உன்னைக் கொன்றவள் நானாகிவிடுவேனோ என்ற பயத்தில்தான் கை எழுதுகிறது.

ஆகவே கேள். பெண்களுக்கென்று, மூத்திரத்தை சூட்டுக்கு வெளியே விடும் ஒரு குழாய் வருகிறது, தொடையில் ஒரு வால்வு, உள்ளே ஒட்டிக்கொள்ளும் கிண்ணம். அந்த வால்வு வைத்த சூட்டையே கேட்டு வாங்கு. ஒட்டுவது தொல்லை, நாலு தடவை கழன்றுபோகும், அப்புறம் பழகும். அது வேண்டாமென்றால் பெரியவர்களின் டயப்பரைக் கட்டிக்கொள். அதுவும் இல்லையென்றால் சூட்டுக்குள்ளேயே போ, கம்பளியைத் துவைத்துக்கொள்ளலாம். நாலு ஆம்பளையும் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிக்கட்டும். உடுப்பை மாட்டுவதற்கு முன் இரண்டு டம்ளர் தண்ணீர், ஒவ்வொரு முங்கலுக்கும் நடுவில் இன்னொன்று. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

நாளைக்குத் தபாலில் போடுவதற்கு முன் இதை உன் அண்ணன் அர்ன்ஃபினிடம் படிக்கக் கொடுக்கப் போகிறேன். உனக்கு எழுதிவிட்டு அவரிடம் மறைப்பது நியாயமில்லை.

கடல் உன்னை நல்லபடியாகத் திருப்பித் தரட்டும்.

உன் அண்ணி,
குன்வோர்

திங்கள், காலை

கொடுத்தேன். சமையலறையில் நின்றபடியே படித்தார். அறுபத்தைந்து என்று எழுதிய பக்கத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. இந்தக் காற்றில் தொப்பிகூடப் போடாமல் வெளியே போய், ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தார். "அவளைத் தண்ணி குடிக்கச் சொல்லு" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வேலைக்குப் போய்விட்டார். சாயங்காலம் வருவார். எனக்குப் பயமாக இருக்கிறது ராக்னா. நீயாவது, குடித்தேன் என்று ஒரு வரி எழுதிப் போடு.