என் கைக்குக் கிளம்பாத வண்டி

ஜனவரி 7

காலை ஐந்து ஐம்பது. கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிவிட்டு, பதினோரு முறை சாவியைத் திருப்பினேன். முனகியது, இருமியது, வெள்ளைப் புகை கக்கியது, அடங்கிவிட்டது. பஸ் பிடித்து ஓடினேன். ஆறரைக்கு நான் திறக்க வேண்டிய ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு ஏழே காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். வெறும் வயிற்றோடு பதினான்கு பேர். ஒரு பெரியவர் தலை சுற்றித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் என் கணவரிடம் சொன்னேன். காலில் மாவுக்கட்டோடு படுத்துக்கொண்டு சிரித்தார். “அந்த டீசல் வண்டி என் கைக்குத்தான் கேட்கும்.” எட்டு வருஷமாக இதே பேச்சு. அவர் தினமும் முன்னால் போய்க் கிளப்பி வைப்பார், நான் பின்னால் போய் ஏறிக்கொள்வேன். எரிச்சல் தாங்கவில்லை.

ஜனவரி 8

இன்றும் பஸ். மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

ஜனவரி 10

எழுதாவிட்டால் எதையாவது போட்டு உடைத்துவிடுவேன்.

அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, வண்டியை வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்கை வரவழைத்தேன். பானெட்டைத் திறந்து, கையோடு கொண்டுவந்த சின்ன பல்பை பேட்டரியில் மாட்டி, எஞ்சினில் நான்கு இடங்களில் தொட்டுப் பார்த்தார். ஒரே இடத்தில்தான் எரிந்தது. குளிரில் எஞ்சினுக்குள் சூடு ஏற்றிக் கொடுக்கும் ஹீட்டர் பிளக் நான்கில் மூன்று செத்துவிட்டதாம். பிறகு டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி, கீழே ஒளித்து வைத்திருந்த ஸ்பிரே டின்களைக் காட்டினார். சட்டென்று தீப்பற்றும் இந்த ஸ்பிரேயை எஞ்சினுக்குள் அடித்துத்தான் என் கணவர் தினமும் கிளப்பிக்கொண்டிருந்தாராம். கைராசியாம், மண்ணாங்கட்டி!

அதோடு நிற்கவில்லை. அந்த மனிதர் வெள்ளந்தியாகச் சொன்னார்: “மூணு வருஷத்துக்கு முன்னாடியே சார்கிட்ட சொல்லிட்டேம்மா. மாத்தினா அரை நாள் வேலைதான்னேன். இப்படியே இருக்கட்டும், சுலபமா கிளம்புச்சுன்னா வீட்டுல எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்கன்னு சிரிச்சாரு.”

மூணு வருஷம். அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது.

அன்றைக்கும் இதே குளிர். இவர் வேலையாக வெளியூரில். அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று தம்பி விடியற்காலையில் போன் செய்தான். பேட்டரி தீரும் வரை சாவியைத் திருப்பினேன். இரண்டு பஸ் மாறிப் போனபோது துணி போர்த்தியிருந்தார்கள். என் கையில்தான் ஏதோ கோளாறு என்று இரண்டு வருஷமாக... சே.

நீயெல்லாம் மனுஷனாடா?

ஜனவரி 11

கேட்டுவிட்டேன். கத்தவில்லை.

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். (ஆமாம், அவன். இந்த நோட்டில் இனி மரியாதை கிடையாது.) “நினைச்சப்போ எல்லாம் நீ உங்கம்மா வீட்டுக்குக் கிளம்பிடுவேன்னு நினைச்சேன். அப்படி ஆகும்னு எனக்கென்ன தெரியும்?”

“தெரியாதுதான். ஆனா அன்னைக்குக் காலைல வண்டி கிளம்பலைன்னு உங்களுக்கு போன் பண்ணி அழுதேனே. டிக்கியில ஸ்பிரே இருக்குன்னு அப்பவாவது சொல்லியிருக்கலாமே?”

சோற்றுத் தட்டைக் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். சோறு போடுகிறேனே, அதுவே எனக்குப் புரியவில்லை.

ஜனவரி 13

நான்கு பிளக்கும் புதிது. பேட்டரி முனைகளில் பூத்திருந்த பச்சைப் பொடியை வெந்நீர் ஊற்றி நானே தேய்த்தேன். ஆயிலும் குளிருக்கு ஏற்ற இளகலான ஆயில். சாவியை ஒரு படி மட்டும் திருப்பி, டேஷ்போர்டில் சுருள் மாதிரி எரியும் மஞ்சள் விளக்கு அணையும் வரை பொறுக்க வேண்டும், அப்புறம் கிளப்ப வேண்டும். வித்தை இவ்வளவுதான். இதற்கா எட்டு வருஷம் மந்திரவாதி வேஷம்?

ஜனவரி 14

உறைபனி. ஏழு எண்ணுவதற்குள் விளக்கு அணைந்தது. முதல் திருப்பில் கிளம்பியது. சந்தோஷம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. ஸ்டியரிங்கைக் குத்திக் குத்தி அழுதேன். ஆறு இருபதுக்குக் கூடத்தைத் திறந்தேன்.

ஜனவரி 19

ஞாயிறு. தம்பி வீட்டுக்குப் போனேன். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “அன்னைக்கு நீ வேணும்னே லேட்டா வந்தேன்னு நினைச்சுட்டேன்க்கா” என்றான். இந்த இரண்டு வருஷம் அவன் ஏன் போனை எடுக்கவில்லை என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. இதற்கும் சேர்த்து என் புருஷனை எங்கே கொண்டு போய் நிறுத்துவது?

பிப்ரவரி 23

மாவுக்கட்டைப் பிரித்து இரண்டு வாரம். நன்றாகவே நடக்கிறான். மன்னிப்பு கேட்டான். காதில் வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான்.

மார்ச் 2

தம்பி வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவன் வாசலில் வந்து நின்றான். எட்டு வருஷமாக நான் அவனிடம் கேட்டுக்கொண்டிருந்ததை இன்று அவன் கேட்டான், அதுவும் மெதுவாக: “எத்தனை மணிக்குத் திரும்பி வருவே? எனக்கு வண்டி வேணும்.”

தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. பின் சீட்டில் இரண்டு பெட்டிகள் இருந்தன. அவன் அவற்றைப் பார்த்தான்.