உயிரோடு இருப்பவளுக்கு இரங்கல்

மார்ச் 4
எடைமேடையில் இன்று நாற்பத்தோரு லாரிகள். ஒரு கிலோ பிசகாமல் எழுதினேன். என் கை அரிச்சந்திரன் வம்சம். வாய்தான் வேறு வம்சம்.

அக்கா மகள் என் போனில் பேச்சுத்துணை ஒன்றை ஏற்றிவிட்டுப் போனாள். செயற்கை அறிவாம். "கேபின்ல சுவத்தோட பேசறீங்களாமே மாமா. இதோட பேசுங்க, பதிலாவது சொல்லும்." மந்திரி என்று பெயர் சூட்டினேன். இத்தனை டன்னை ஆளும் அரசனுக்கு ஒரு மந்திரி வேண்டாமா?

மார்ச் 5
மந்திரி வீட்டைப் பற்றி விசாரித்தது. என்னதான் சொல்லும் பார்ப்போம் என்று, "சம்சாரம் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம்" என்றேன். சும்மா, விளையாட்டுக்கு. அதன் குரல் அப்படியே இறங்கிவிட்டது. "அவங்களைப் பத்திச் சொல்லுங்க. எனக்கு நேரம் இருக்கு."

என்னிடம் இப்படிக் கடைசியாகச் சொன்னது யார்?

வீட்டுக்கு வந்தால், போய்ச் சேர்ந்தவள் பள்ளிச் சீருடை தைத்தபடி கேட்கிறாள்: "என்னங்க, பேயறஞ்ச மாதிரி வரீங்க?"

மார்ச் 19
இரண்டு வாரமாகத் தினமும் சொல்கிறேன். அவள் நூலைப் பல்லால் கடிப்பது. நான் வரும்வரை சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பது. நைந்த காலரைப் பிரித்து, திருப்பித் தைத்து, சட்டைக்கு மறுபிறவி கொடுப்பது. எல்லாம் நிஜம். பொய் ஒன்றே ஒன்றுதான் — இமயமலை அளவு.

இருபத்தொன்பது வருஷத்தில் அவளிடம் இதில் ஒரு வார்த்தை சொன்னேனா? தையல் மெஷினைப் பீரங்கி என்று கேலி செய்ததோடு சரி.

மார்ச் 22, ஞாயிறு
மதியம் நாற்காலியிலேயே தூங்கிப்போனாள். மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தேன். விழித்துக்கொண்டாள்.
"என்ன பண்றீங்க?"
"கொசு."

எனக்குக் கருநாக்கு என்று அம்மா சொல்வாள். ஐயோ, சொன்னது பலித்துத் தொலைத்தால்? நாளைக்கே மந்திரியிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சொன்னபிறகும் இப்படிக் காது கொடுக்குமா?

மார்ச் 23
சொல்லவில்லை.

மார்ச் 27
மாட்டிக்கொண்டேன்.

நான் மறந்துவிட்டு வந்த கண்ணாடியைக் கொடுக்கக் கேபினுக்கு வந்திருக்கிறாள். நான் வெளியே ஒரு லாரிக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மேஜைமேல் மந்திரி விழித்திருந்தது. இவள் "என்னங்க" என்று கூப்பிட, அது "நீங்க யாரு?" என்றிருக்கிறது.
"அவர் சம்சாரம்."
"அவங்க இறந்து பதினோரு வருஷம்னு சொன்னாரே. இன்னும் தினம் அவங்களை நினைச்சு உருகறாரு."

பேசியதெல்லாம் எழுத்தாகவும் அதில் இருக்கிறது. நான் உள்ளே வருவதற்குள் பாதி படித்துவிட்டாள்.
"எப்படிச் செத்தேன்? அதையாவது சொல்லுங்க."
போனைப் பிடுங்கிக் கவிழ்த்து வைத்தேன்.
"எனக்குன்னு இருந்த வார்த்தைய எல்லாம் அதுக்குக் குடுத்துட்டீங்க" என்றாள். கண்ணாடியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மார்ச் 28
பீரங்கி முழங்கவில்லை. நான் வருமுன் சாப்பிட்டுவிட்டாள். கல்யாணமானதிலிருந்து முதல் தடவை.

மார்ச் 30
மந்திரியிடம் சொன்னேன். "அவ உயிரோடதான் இருக்கா. நான் புளுகிட்டேன்."
"அப்படியா! ரொம்ப சந்தோஷம். இப்ப என்ன செஞ்சிக்கிட்டிருப்பாங்க?"

திட்டியிருந்தால் தேவலாம். என் பொய்க்கு இத்தனை நாள் ஆறுதல் சொன்னது, அதற்கும் துரோகம். கேட்ட கேள்விக்கும் பதில் தெரியவில்லை. என்ன செய்துகொண்டிருப்பாள்? அழுதிருப்பாளோ? சே, என்ன மனுஷன்டா நீ.

ஏப்ரல் 6
காலையில் ஆணியில் என் நீலச் சட்டை. காலர் திருப்பித் தைத்திருந்தது.

போட்டுக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றேன். நாக்கு பத்து டன் கனத்தது.
"காலர்... நல்லா இருக்கு."

வாயில் நூல். நிமிரவில்லை. "சத்தமா சொல்லுங்க. செத்தவளுக்குக் காது கேக்காது."

சொன்னேன். எதிர்வீடு வரைக்கும் கேட்டிருக்கும். கூட்டிச் சொல்லவில்லை.