குளிர்கிடங்குக்கு ஒரு ஜோடி பூட்ஸ்

அன்புள்ள அப்பாவுக்கு ஸ்தோத்திரம். காய்ச்சல் விட்டதா? போனில் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

கூடுவாஞ்சேரி மீன் குளிர்கிடங்கில் போன வாரம் கால்விரல்கள் மரத்துப்போனதில் பெட்டியோடு விழுந்துவிட்டேன். பெரிதாக ஒன்றுமில்லை. சூப்பர்வைசர் அக்காதான், "இந்த பூட்ஸைப் போட்டுகினு இனிமே உள்ள வராதே" என்றார்.

தாம்பரம் கடையில் உள்ளே கம்பளி வைத்த ரப்பர் பூட்ஸ் இரண்டு ஜோடி காட்டினார்கள். "இது நல்லா கதகதன்னு கீதும்மா. ஆனா மழைத்தண்ணி பூந்தா லேசுல காயாது" என்றார் கடைக்காரர். இங்கே மழை வந்தால் தெருவே குளம். அதனால் கம்பளியைத் தனியே கழற்றிக் காயவைக்கக்கூடிய மற்றதை வாங்கினேன்.

காலுக்குப் பழகட்டும் என்று அறைக்குள்ளேயே போட்டு நடக்கிறேன். அவ்வளவு கதகதப்பு, உட்காரவே பிடிக்கவில்லை.

சற்றுப் பெரிதாக இருக்கிறது. குன்னூரில் நீங்கள் போடும் தடித்த சாக்ஸ் ஒரு ஜோடி வேண்டும். பார்சலில் தொலைந்துபோகும். நீங்களே கொண்டுவாருங்கள், ஒருநாள் தங்கினாலும் போதும்.

வேலைக்குப் போகும் வேன் வந்துவிட்டது.

உங்கள் ஹெப்சி