ஊஞ்சலுக்குப் பக்கத்தில் ஒரு சாமி

அண்ணே,

இன்று காலை சன்னலைத் திறந்ததும் பெயிண்ட் வாடை குப்பென்று அடித்தது. எட்டிப் பார்த்தால், கீழே விளையாட்டுத் திடலில் சறுக்கு மரத்துக்கு மாநகர மன்றத்து ஆட்கள் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார்கள். நாம் கெஞ்சிக் கூத்தாடியபோதெல்லாம் வராதவர்கள், நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு யாரும் கூப்பிடாமலேயே வந்திருக்கிறார்கள். நீங்கள் இருந்திருந்தால் இடுப்பில் கட்டிய சாரத்தோடு இறங்கிப் போய், “பாஸ், பெயிண்ட்ல தின்னர் ரொம்ப ஊத்தாதீங்க” என்று அவர்களுக்குப் பாடம் நடத்தியிருப்பீர்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பெயிண்ட் வாடைக்கு அழுத முதல் மனுஷி நானாகத்தான் இருப்பேன்.

அழுவதற்காக இதை எழுதவில்லை. உங்களுக்கு ஒரு சேதி இருக்கிறது. அதை எடுத்ததும் சொன்னால் ருசிக்காது என்பதால் முதலிலிருந்தே வருகிறேன்.

பெட்டாலிங் ஜெயாவில் நம்முடைய இந்த ஃபிளாட்டுக்கு நாங்கள் குடிவந்தபோது நீங்கள் எங்கள் தலைக்கு மேல் நாலாவது மாடியில் இருந்தீர்கள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர் என்று தெரியும். மத்தியானம் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டதும் வீட்டுக்குப் போகாமல், ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நேராகத் திடலுக்குப் போய் ஊஞ்சலுக்கு நட்டு முடுக்குகிற மனுஷர் என்பது பிறகுதான் தெரிந்தது. யாரும் உங்களைச் செய்யச் சொல்லவில்லை. குடியிருப்போர் சங்கத்தில் பதவி தருகிறோம் என்றார்கள். பதவிக்கு வந்தால் மீட்டிங்குக்கு வரவேண்டும், நட்டு முடுக்க நேரம் இருக்காது என்று மறுத்துவிட்டீர்கள்.

உடைக்கிறவர்களும் சளைக்கவில்லை. ஊஞ்சல் சங்கிலியை அறுத்துப் போனார்கள். பழைய இரும்புக் கடைக்குத்தான் போயிருக்கும். சறுக்கு மரத்தில் லைட்டரால் சுட்டு ஓட்டை போட்டார்கள். நான் ‘அவன் கை விளங்காமல் போக’ என்று மூன்றாம் மாடியிலிருந்தே சாபம் விட்டேன். நீங்கள் குந்தி உட்கார்ந்து, அறுந்த சங்கிலியை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். “ஊஞ்சலை அறுத்தவன் சீசாப் பலகையைத் தொடவே இல்ல பாத்தீங்களா தங்கச்சி. சீசா மேல அவனுக்கு என்ன பாசம்?” என்று கேட்டீர்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. சங்கிலி போன வருத்தத்தைவிட, அது எப்படிப் போனது என்பதில்தான் உங்களுக்கு அக்கறை.

புதுச் சங்கிலி மாட்டுவீர்கள், அதுவும் போகும். ஊஞ்சல் இல்லாததால் பிள்ளைகள் கார் நிறுத்துகிற இடத்தில் விளையாடப் போனார்கள். ஒருநாள் ஒரு மோட்டார் சைக்கிள் என் மகள் கவியின் காலை உரசிக்கொண்டு போனது. முழங்கால் தோல் உரிந்ததோடு தப்பித்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தது நீங்கள்தான். அன்றைக்கு உங்கள் முகத்தில் சிரிப்பு இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேங்காய் அளவில் ஒரு கல்லோடு என் வீட்டு வாசலில் நின்றீர்கள். சாலை போடுகிற இடத்துக் கால்வாயில் கிடந்ததாம். என் சமையலறைக் குழாயிலேயே கழுவி, என் மஞ்சள்தூளையே குழைத்துப் பூசி, குங்குமமும் வைத்தீர்கள். கோயில் கட்டப்போகிறீர்களா என்று கிண்டல் பண்ணினேன். “சுவத்துல சாமி படம் ஒட்டினா எவனும் அங்க ஒண்ணுக்குப் போறதில்லல்ல? அதே வேலைதான்லா” என்றீர்கள். ஊஞ்சல் கம்பத்தின் அடியில் கல்லைப் பாதி புதைத்து ஓர் அகல் விளக்கையும் ஏற்றி வைத்தீர்கள்.

வேலை செய்தது அண்ணே. வாரக்கணக்கில் சங்கிலி அப்படியே இருந்தது. மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் உங்கள் புத்தியை நீங்களே மெச்சிக்கொண்டு திரிந்தீர்கள்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, கல்லுக்கு முன்னால் ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது. நீங்கள் வைத்தீர்களா என்று கேட்டேன். நீங்கள் என்னைக் கேட்டீர்கள். அதற்கடுத்து சூடம் வந்தது, கம்பத்தைச் சுற்றி மஞ்சள் துணி வந்தது. இரண்டாம் மாடி லெட்சுமி அக்கா மகனுக்கு வேலை கேட்டு வேண்டிக்கொண்டிருந்தார். வேலை கிடைத்தது. வெள்ளியில் கண்மலர் வாங்கி வந்து கல்லுக்குச் சாத்திவிட்டார். கால்வாய்க் கல் நம்மைக் கண் திறந்து பார்த்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, உள்ளூரக் கொஞ்சம் பயமும் வந்தது.

அதற்குப் பிறகு சட்டங்கள் வந்தன. செருப்போடு வரக்கூடாது. சத்தம் போடக்கூடாது. சாமி தலைக்கு மேல் கால் போகும் என்று ஊஞ்சலைச் சுருட்டிக் கட்டிவிட்டார்கள். கீழ்த்தளத்து மலாய்க்காரப் பாட்டி, நாம் மக்சிக் என்று கூப்பிடுவோமே, அவர் தன் பேரப்பிள்ளைகளைத் தினமும் திடலுக்குக் கூட்டி வருவார், ஞாபகம் இருக்கிறதா? ஒருநாள் உங்களை நிறுத்தி, பரவாயில்லை, உங்கள் சாமி இருக்கிற இடம், மரியாதைக்காக நாங்கள் தள்ளி இருந்துகொள்கிறோம் என்று மலாயில் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பீர்கள். அன்று நீங்கள் மத்தியானச் சோறு சாப்பிடவில்லை என்று அண்ணி வந்து என்னிடம் சொன்னார். திடலில் ஒரு திருகுகூடக் காணாமல் போகவில்லை. ஒரு பிள்ளைகூட இல்லை.

லெட்சுமி அக்கா அதோடு நிற்கவில்லை. ஊஞ்சலைப் பிடுங்கிவிட்டுத் தகரக் கூரை போட வேண்டும் என்று ஆரம்பித்தார். அனுமதி இல்லாமல் கூரை ஏறினால் மன்றத்து லோரி இடிக்க வரும், இடிக்க வந்தால் அது ஊஞ்சல் சண்டையாக இருக்காது, எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது என்றீர்கள். அந்த வெள்ளிக்கிழமை பூசைக்கு வந்த எல்லாருக்கும் முன்னால் உண்மையைப் போட்டு உடைத்தீர்கள்.

“இது கால்வாய்ல கிடந்த கல்லு. சங்கிலி திருடு போவாம இருக்க நான்தான் கொண்டாந்து வச்சேன்.”

லெட்சுமி அக்கா அசரவே இல்லை. “நீங்கதான் வச்சீங்க, இல்லேன்னு யாரு சொன்னா? உங்க கையில குடுத்து வைக்கச் சொன்னது யாரு?”

என் வீட்டில் வந்து உட்கார்ந்து, டீ ஆறும்வரை அதைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கல்லைத் தூக்கிக் கடாசிவிட்டு வாருங்கள் என்று நான் கத்தினேன். “அந்தம்மா சொல்றது நெசமா இருந்துட்டா, தங்கச்சி?” என்று கேட்டீர்கள். மஞ்சள் பூசியவரே இப்படிக் கேட்டால் நான் என்ன சொல்வது?

கடைசியில் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புச் செம்பருத்தி. வெள்ளை வந்தால் சாமி கிள்ளான் போகிற வழியிலுள்ள முனியாண்டி கோயிலுக்குப் போவார், திடல் பிள்ளைகளுக்கு. சிவப்பு வந்தால் ஊஞ்சலைப் பிடுங்கிவிட்டுக் கூரை. எது வந்தாலும் கட்டுப்படுவதாக லெட்சுமி அக்கா சூடத்தின் மேல் சத்தியம் பண்ணினார், நீங்களும் பண்ணினீர்கள். எடுப்பதற்குச் சின்னப் பிள்ளை வேண்டும். கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, “கவி வரட்டும்” என்றீர்கள்.

ஒரே நாளிதழ்த் தாளில் நீங்களே கிழித்துக் கட்டிய இரண்டு பொட்டலங்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டு நின்றீர்கள். உங்கள் கைகள் நடுங்கின. என்ன நடிப்பு என்று நினைத்துக்கொண்டேன். கவி இரண்டையும் எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய், ஒன்றை நீட்டினாள். பிரித்தால் மல்லிகை. லெட்சுமி அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சாமிக்கே பிள்ளைங்க சத்தம்தான் வேணுமாம்” என்றார். மற்றப் பொட்டலத்தைப் பிரிக்காமலேயே சட்டைப் பையில் போட்டுக்கொண்டீர்கள். அதை நான் பார்த்தேன்.

சாமியை எதில் கொண்டுபோனோம்? உங்கள் பள்ளிக்கூட பஸ்ஸில். முன் சீட்டில் தாம்பாளத்தில் சாமி, பின்னால் உறுமியோடு பாதி ஃபிளாட். சிக்னலில் நின்ற கார்க்காரர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். மறுநாள் சாயங்காலம் மக்சிக்கின் வீட்டுக் கதவைத் தட்டி, பிள்ளைகளை அனுப்புங்கள் என்று நீங்களே கூப்பிட்டீர்கள். ஊஞ்சல் கிறீச்சிடும் சத்தம் மூன்றாம் மாடிவரை கேட்டது. கொஞ்ச நாளில் சங்கிலி மறுபடியும் களவு போனது. போகட்டும், பிள்ளைங்க வராம இருந்ததைவிட இது மேல் என்று வேறு வாங்கி மாட்டினீர்கள். நீங்கள் படுக்கையில் விழும்வரைக்கும் மாட்டிக்கொண்டுதான் இருந்தீர்கள்.

இரண்டு பொட்டலத்திலும் மல்லிகைதானே என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன்! ஆஸ்பத்திரியிலும் கேட்டேன். “பிள்ளை எடுத்துச்சு, சாமி குடுத்துச்சு. உங்களுக்கு என்ன சந்தேகம்?” என்று மூச்சு வாங்கச் சிரித்தீர்கள். சரிதான், கள்ளன் என்று முடிவு கட்டிவிட்டேன். உள்ளபடி சொன்னால், அந்தக் கள்ளத்தனத்துக்காகவே உங்களை எனக்கு ரொம்பப் பிடித்தது.

இப்போது சேதிக்கு வருகிறேன். கவி வளர்ந்து, டெங்கில் டவுனில் வேலை பார்க்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தாள். சன்னலோரம் நின்று உங்கள் பேச்சு வந்தபோது, அங்கிள் எல்லாரையும் எப்படி ஏமாற்றினார் தெரியுமா என்று ஆரம்பித்தேன். அவள் என்னை முடிக்கவிடவில்லை.

“அங்கிள் ஒண்ணும் பண்ணலம்மா. நான்தான் மோந்து பாத்தேன். ஒண்ணுல மல்லிகை வாசம் வந்துச்சு, எடுத்துட்டேன். எனக்கு ஊஞ்சல் வேணும்லா.”

கேட்டீர்களா அண்ணே? அப்படியானால் உங்கள் பையில் இருந்தது செம்பருத்தி. அப்படியானால் அந்த நடுக்கம் நடிப்பில்லை. அந்தக் கல்லிடம் நீங்கள் நிஜமாகவே கேட்டிருக்கிறீர்கள். சிவப்பு வந்திருந்தால் அந்த ஊஞ்சலை உங்கள் ஸ்பேனராலேயே கழற்றியிருப்பீர்கள். இத்தனை வருஷம் ஒரு கெட்டிக்காரரை நினைத்துச் சிரித்திருக்கிறேன். அங்கே நின்றது, பிள்ளைகளின் இடத்தைப் பணயம் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்த ஒரு மனுஷர்.

இதோடு நிறுத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். உங்களோடு பழகிய தோஷம், எனக்கும் நோண்டுகிற புத்தி வந்துவிட்டது. ஊஞ்சலுக்காக அதிகம் அழுதவள் என் மகள். எதைக் கொடுத்தாலும் முதலில் மோந்து பார்க்கிற பழக்கம் அவளுக்கு உண்டு என்று உங்கள் பஸ்ஸில் போன எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். இருந்தும் அவளைத்தான் கூப்பிட்டீர்கள். சரி, அது தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். நம் பிளாக்கின் பின்பக்கம் நந்தியாவட்டைச் செடி, வெள்ளைவெளேரென்று பூத்துக் கிடக்கிறது. அன்றும் பூத்துக் கிடந்தது. அதை விட்டுவிட்டுப் பாசார் சந்தைவரை போய் ஏன் மல்லிகை வாங்கினீர்கள்?

இந்தக் கேள்வியைத்தான் இப்போது சுமந்துகொண்டு திரிகிறேன். கேட்டால் சிரிப்பதற்குக்கூட நீங்கள் இல்லை. காலையில் பின்பக்கம் போய் ஒரு நந்தியாவட்டையைப் பறித்து, கவியைப் போலவே முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தேன். ஒரு வாசமும் இல்லை அண்ணே.