எந்த ஊர் என்று கேட்பார்கள்

இன்று காலை பாலவனத்தம் வழியாகப் போகிற டவுன் பஸ்ஸில் கண்டக்டர் கொடுத்த கட்டணமில்லாச் சீட்டை நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டேன். காசில்லாத சீட்டுக்கு இவ்வளவு பத்திரமா என்பதுபோல் பக்கத்தில் இருந்த பெண் பார்த்தாள். எனக்கு இப்போது படுக்க ஒரு கட்டில் இருக்கிறது, யாரும் எழுந்து போகச் சொல்வதில்லை. ஆனாலும் கை கேட்பதில்லை. இப்படிப் பழக்கிவிட்ட உன்னைத் திட்டிக்கொண்டேதான் மடித்தேன்.

உன் மகளைத் தேடித்தான் போனேன். இது ஏழாவது ஞாயிறு. தேடுகிறவளுக்கு ஊரும் தெரியாது, பேரும் தெரியாது என்றால் நீயே சிரிப்பாய். சிரி. எல்லாம் உன்னால் வந்தது, என்னாலும் வந்தது. யார் பங்கு எவ்வளவு என்று யோசித்தால் எனக்கு உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியவில்லை.

நான் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்தது உனக்குத் தெரிந்த கதைதான். திருச்சுழிப் பக்கம் கரிசல்காட்டுக் குடும்பம். வீட்டுக்காரர் போன பிறகு கொழுந்தன்மார் நிலத்தைப் பிரித்தார்கள், என் பேச்சே எழவில்லை. கோபத்தில் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். யாராவது கூப்பிட வருவார்கள் என்று பையை மடியில் வைத்துக்கொண்டு மூன்று நாள் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நான்காம் நாள் வந்தது நீ. என்னைவிட ஐந்து வயது இளையவள், ஆனால் அதிகாரம் மட்டும் தாசில்தார் அதிகாரம்.

"மதினி, பஸ்ஸுக்கு நிக்கிறவுக மாதிரி இருங்க. பஸ் ஸ்டாண்டுல குடியிருக்கிறவுக மாதிரி இருக்காதீக" என்றாய்.

அன்றைக்கே என் தலையை வாரிவிட்டாய். செருப்பைக் கழற்றாதே, துணியைப் பைக்கு வெளியே காயப்போடாதே, கையில் எப்போதும் அன்றைய சீட்டு ஒன்று இருக்கட்டும் என்றாய். போலீஸ்காரர் தடியால் பெஞ்சைத் தட்டினால் சீட்டைக் காட்டி, அடுத்த பஸ் எப்போது என்று அவரிடமே கேட்க வேண்டும். நீ கேட்டு, அவர் நேரம் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

ராத்திரியில் முழுத் தூக்கம் கிடையாது, விளக்கு வெளிச்சத்தில் பைவாரைக் காலில் கட்டிக்கொண்டு கண்ணயர்வதோடு சரி. அதனால் தூக்கத்தைப் பகலுக்கு மாற்றியிருந்தாய். பெண்களுக்குத்தான் டவுன் பஸ்ஸில் காசில்லையே. திருச்சுழிக்கு ஒரு பஸ், அங்கிருந்து வீரசோழனுக்கு இன்னொரு பஸ், அதே மாதிரித் திரும்பல். வெயில் படாத பக்கமாகப் பார்த்து உட்கார்ந்து, முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு நீ தூங்குவாய். நான் முறைவைத்து முழித்திருப்பேன். திருச்சுழியில் பஸ் மாறும்போது மட்டும், தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வேன். எந்தக் கண்டக்டர் சிடுசிடுப்பவர், யார் கண்டும் காணாமல் விடுவார் என்பதெல்லாம் உனக்கு மனப்பாடம். நோன்பு மாதத்தில் வீரசோழனில் இறங்கி, பள்ளிவாசலில் பாத்திரத்தை நீட்டிக் கஞ்சி வாங்கினோம். எந்த ஊர் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை என்பதில் உனக்கு அத்தனை சந்தோஷம். மற்ற நாளில் கோயிலில் மதியச் சாப்பாடு. ஒரே இடத்துக்கு அடுத்தடுத்து இரண்டு நாள் போகவிட மாட்டாய். கல்யாண மண்டபம் என்றால் பின்வாசலுக்குக் கூட்டிப்போய், "சோறு கேக்காதீக, வேல கேளுங்க" என்பாய். அண்டா கழுவி முடித்ததும் இலை போட்டு உட்காரவைத்துப் பரிமாறுவார்கள். நாம் விருந்தாளி மாதிரி அப்பளம் இன்னொன்று கேட்போம்.

இதெல்லாம் சரியான புத்தி. ஒன்றுகூடப் பொய்க்கவில்லை. நான் உயிரோடு இருப்பதே அதனால்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் முதலில் ஒன்று வைத்திருந்தாய் பார், பேரையும் ஊரையும் சொல்லக்கூடாது என்று. அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஏன் வைத்தாய் என்பதும் தெரியும். நம் பக்கத்தில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி எந்த ஊர், இரண்டாவது யார் வீடு. இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டால் பொழுது சாய்வதற்குள் சேதி வீட்டு வாசலுக்குப் போய்விடும். இன்னார் வீட்டுப் பெண் பஸ் ஸ்டாண்டில் கிடக்கிறாள் என்று நாலு பேர் பேசுவார்கள். மருமகன் சொன்ன ஒரு சொல்லுக்காக வெளியேறியவள் நீ. தூத்துக்குடியில் சமையல் வேலை கிடைத்திருக்கிறது என்று மகளிடம் சொல்லிவிட்டு வந்தாய். உன் ஆதார் அட்டையைக்கூட அவள் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னாலேயே விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னாய். பூக்காரிக்கு ஒரு பேர் சொன்னாய், கண்டக்டருக்கு ஒரு பேர். எனக்கு ஒன்றுமே சொல்லவில்லை. நான் உன்னை ஏத்தா என்றேன், நீ என்னை மதினி என்றாய். இரண்டு வருஷம் அதுவே போதுமானதாக இருந்தது.

தார் ரோட்டுச் சூட்டில் உன் குதிகால் வெடித்துச் சீழ் வைத்தபோதுதான் அது போதாமல் போனது. தர்மாஸ்பத்திரியில் காசு கேட்க மாட்டார்கள், அட்டையும் கேட்க மாட்டார்கள், வா என்று தினமும் கெஞ்சினேன். "சீட்டு எழுதுறவுக எந்த ஊர்க்காரவுகளோ, யாரு கண்டா" என்று சொல்லிச் சொல்லியே பத்து நாளைக் கடத்தினாய். காய்ச்சலில் நீ பிதற்ற ஆரம்பித்த பிறகுதான் ஆட்டோவில் தூக்கிப் போட்டேன். பேர் கேட்டார்கள். என் அம்மா பேரைச் சொன்னேன். ஊர் கேட்டார்கள். தூத்துக்குடிப் பக்கம் என்றேன். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய். சொந்தம் யாராவது வருகிறார்களா என்று பார்த்துவிட்டு நகராட்சியில் அடக்கம் செய்தார்கள். அங்கே என் அம்மாவின் பேரில்தான் கிடக்கிறாய்.

அதையாவது காய்ச்சல், அவசரம் என்று சொல்லிச் சமாளிப்பேன். அடுத்ததைச் சமாளிக்க முடியவில்லை.

ஒரு மாதம் கழித்து பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் ஒவ்வொரு கடையாகப் போனைக் காட்டிக்கொண்டு வந்தாள். உன் மூக்கு, உன் நடை. காதுக்குக் கீழே ஒரு மச்சம். என்னிடமும் வந்தாள். படத்தில் நீ பட்டுச்சேலையில் சிரித்துக்கொண்டிருந்தாய். "இவுகளப் பாத்தீகளா? எங்கம்மா" என்றாள்.

"தெரியாதும்மா" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. யாராவது ஒருவரைப் பற்றி விசாரித்தால் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று நீ பழக்கியிருந்தாய், வாய் சொல்லிவிட்டது. அவள் தலையாட்டிவிட்டு விருதுநகர் போகிற பஸ்ஸில் ஏறினாள். பஸ் கிளம்பித் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. ஓடினேன். என் வயதுக்கு எவ்வளவு ஓட முடியும்?

அதற்குப் பிறகு அந்த பெஞ்சில் உட்காரப் பிடிக்கவில்லை. நகராட்சியின் வீடற்றோர் விடுதிக்கு நடந்துபோய், என் சொந்தப் பேரைச் சொல்லிச் சேர்ந்தேன். அட்டை வேண்டும் என்று யாரும் அடம்பிடிக்கவில்லை. விடுதி முகவரியிலேயே எனக்கு ஓர் அட்டைக்கும் எழுதிப் போட்டார்கள். இரண்டு தெரு தள்ளி இது இருந்தது, நாம் இரண்டு வருஷம் பஸ்ஸில் தூங்கினோம். இப்போது அங்கே சமையல் நான்தான். புதிதாக வருகிற பெண்களுக்கு நீ சொன்னதையெல்லாம் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த ஒன்றை மட்டும் மாற்றிச் சொல்கிறேன். ஊரெல்லாம் தெரிய வேண்டாம், பக்கத்தில் படுத்திருப்பவளுக்காவது உன் பேரைச் சொல்லி வை என்கிறேன்.

ஞாயிறானால் கால் தங்குவதில்லை. அவள் ஏறிய விருதுநகர் பஸ் போகிற வழியில் ஒவ்வொரு நிறுத்தமாக இறங்கிக் கேட்கிறேன். போன வாரம் குமாரலிங்கபுரம். இன்று பாலவனத்தம். டீக்கடைக்காரம்மா, யாரைத் தேடுகிறீர்கள், பேர் என்ன என்றார். பேர் தெரியாது, காதுக்குக் கீழே மச்சம் உள்ள பெண், அம்மாவைத் தேடுகிறவள் என்றேன். கிறுக்கச்சியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"நீங்க எந்த ஊரு? யாரு வீடு?"

தூத்துக்குடிப் பக்கம் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முழுங்கிவிட்டு, என் பேர், ஊர், என் வீட்டுக்காரர் பேர், அவர் வீட்டுப் பட்டப்பேர் எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது இருப்பது வீடற்றோர் விடுதியில் என்றும் சொன்னேன். அந்தப் பெண் வந்தால் என்னிடம் அனுப்பச் சொல்லி, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவைக்கச் சொன்னேன். கொழுந்தன்மார் காதுக்கு இந்நேரம் போயிருக்கும். போகட்டும், வெட்கப்படுகிறவர்கள் படட்டும்.

உன் மகள் வருவாள். வந்தால் உன்னை அடக்கம் செய்த இடத்துக்குக் கூட்டிப்போவேன். தெரியாது என்று சொன்னவள் நான்தான் என்று சொல்வேன். அடித்தாலும் வாங்கிக்கொள்வேன். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால், அவள் வாசலில் நிற்கும்போதே, உன் பேர் என்ன என்று அவளிடம் கேட்பேன்.