வழுக்கைத் தலைக்குப் பதினேழு சீப்பு

மாமா,

இந்த அகால நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னிச்சுக்கோங்க. பாப்பாவுக்கு இருமல். தைலம் தேடி உங்கள் அலமாரியைத் திறந்தேன். மேல்தட்டிலிருந்து பிஸ்கட் டப்பா விழுந்து, அத்தனையும் சீப்பாகக் கொட்டியது. பதினேழு. ஒன்றில்கூட எண்ணெய்ப் பிசுக்கு இல்லை.

கல்யாணமான புதிதில் கேட்டேனே, "தலையில நாலு முடி இல்ல, இவ்ளோ சீப்பு எதுக்கு மாமா?" என்று. "நாலும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடுதும்மா, தனித்தனியா வாரணும்" என்றீர்கள். மாமனாரிடம் பயந்து நடக்க வேண்டும் என்று அம்மா சொல்லி அனுப்பியது அன்றோடு மறந்துபோனது.

பத்துச் சொந்தக்காரக் குடும்பம் பணம் போட்டு, தேரடிப் பக்கம் ஆறு கடை கட்டி, டிரஸ்ட் என்று பேர் வைத்து, கணக்கை உங்களிடம் விட்டிருந்தார்கள். வாடகை வர வர ஆளுக்குப் பங்கு. ஆடியில் நீங்கள் கண்ணை மூடிய பிறகு, "பி.காம். படிச்ச பொண்ணு வீட்டிலதானே இருக்குது, அதுவே பாக்கட்டும்" என்று இவருடைய சித்தப்பா நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். பாப்பாவை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டு வாங்கிக்கொண்டேன்.

நோட்டில் "வர வேண்டிய வாடகை" என்று ஒரு பக்கம். ஆடியிலிருந்து ஏறிக்கொண்டே போகும். கார்த்திகை தீபக் கூட்டத்தில் வியாபாரம் பார்த்துவிட்டு எல்லோரும் மொத்தமாகக் கட்டுவார்கள். வர வேண்டியதும் சொத்துதான் என்று காலேஜில் படித்தவள் நான். தீபாவளிக்குப் பங்கு கேட்டார்கள். கையில் இருந்ததோ கடைக்காரர்களின் அட்வான்ஸ் மட்டும். தீபம் முடிந்ததும் ஈடுகட்டிவிடலாம் என்று அதிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். "மாமனாரை விட மருமக தாராளம்" என்றார் சித்தப்பா. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது மாமா.

தீபத்துக்கு மூன்று நாள் விடாத மழை. கூட்டம் ரொம்பக் கம்மி. இப்போது பாத்திரக்கடைக்காரர் காலி செய்கிறார். "பொண்ணு கல்யாணம்மா. சனிக்கிழமை வர்றேன், அட்வான்ஸை எடுத்து வச்சிடுங்க." பெட்டியில் அதில் கால்வாசிகூட இல்லை. வளையல் கடைக்காரர் தர வேண்டியது வந்துவிட்டால் சமாளித்துவிடலாம் என்றிருந்தேன். திங்கட்கிழமை ரசீது புக்கோடு போய் நின்றேன். "தர்றேம்மா, ஓடியா போயிடுவேன்?" என்றார். கடை வாசல் வரை அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தது. சரக்கு ஜாஸ்தி இருக்கிறது, தந்துவிடுவார் என்று நிம்மதியாகத் திரும்பினேன்.

இப்போது சீப்புகளை மடியில் அள்ளும்போதுதான் ஞாபகம் வருகிறது. பாப்பா வயிற்றில் இருந்தபோது ஒரு சாயங்காலம் உங்களோடு அதே வளையல் கடைக்கு நடந்தேன். வாடகையைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு சீப்பு வாங்கினீர்கள். திரும்பும்போது, "பெட்டியெல்லாம் முன்னாடி அடுக்கியிருக்கான் பாத்தியா? உள்ள ஒண்ணுமில்ல. பாவம்" என்றீர்கள். எனக்குக் கால் வீக்கம். எப்போது உட்காருவோம் என்றிருந்தது. அந்த வருஷம் சித்தப்பா தீபாவளிப் பங்கு கேட்டதற்கு, "கொஞ்சம் பொறுங்க" என்று அனுப்பிவிட்டீர்கள். நோட்டில் இவ்வளவு நிற்கிறதே, ஏன் இந்தக் கஞ்சத்தனம் என்று மனசுக்குள் நினைத்தேன்.

நீங்கள் வாரம் தவறாமல் கடைகளைப் பார்த்துவிட்டு வந்தீர்கள். சும்மா நிற்கக் கூச்சப்பட்டு ஒரு சீப்பு. நான் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தேன். திங்கட்கிழமை பார்த்ததும் அதே காலிப் பெட்டிகள்தான்.

உங்கள் பிள்ளைக்கு இன்னும் சொல்லவில்லை. மறுபடி இருமுகிறாள், எழுந்து போக வேண்டும். ஒரு சீப்பை அவளுக்கென்று வெளியே எடுத்து வைத்திருக்கிறேன். மற்றதைப் பழையபடி டப்பாவில் போட்டுவிட்டேன்.

பாத்திரக்கடைக்காரர் வந்து நின்றால் நான் என்ன சொல்லட்டும்? சனிக்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாள்தான் மாமா. சீக்கிரம் பதில் போடுங்க.