நான்கு நாள் விடுப்பும் மாற்றாத தேதியும்

அனுப்புநர்:
து. லோகநாயகி (வயது 35),
டோக்கன் எண் 7, கம்பிச்சுருள் பிரிவு,
ஏரிக்கரைத் தெரு, அயனம்பாக்கம், சென்னை - 95.
(உடன் பணிபுரியும் பதினெட்டுப் பெண்கள் சார்பாகவும்)

பெறுநர்:
உயர்திரு துணைத் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளர் அவர்கள்,
சென்னை.

பொருள்: அம்பத்தூர் தொழிற்பேட்டையிலுள்ள டென்மார்க் நாட்டுக் கம்பெனியின் மேலாளர் திரு. லவுரிட்சன் அவர்கள் பதிவேட்டில் பொய் எழுதியதாக எடுக்கப்பட்டுள்ள நடவடிக்கையைக் கைவிடவும், எங்கள் பத்தொன்பது பேரின் நிரந்தர வேலையைக் காக்கவும் வேண்டுதல்.

பார்வை: 7.10.1996 நாளிட்ட, விளக்கம் கேட்கும் அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி கம்பெனியில் 2.1.1995 முதல் நாங்கள் பத்தொன்பது பெண்கள் வேலை செய்கிறோம். காது கேட்கும் கருவிக்குள் வைக்கும் கம்பிச்சுருளைச் சுற்றுவது எங்கள் வேலை. கம்பி தலைமுடியைவிட மெல்லியது. கண்ணும் கையும் நிதானமாக இருக்க வேண்டும். வாயைப் பற்றி விதி எதுவும் இல்லாததால் பேசிக்கொண்டேதான் சுற்றுகிறோம். மேலாளரின் பெயர் எங்கள் வாயில் நுழையாமல், லாரன்ஸ் சார் என்றே அழைத்து வருகிறோம். அவரும் திரும்பிப் பார்க்கிறார்.

2. சென்ற மாதம் ஆய்வுக்கு வந்த அதிகாரி எங்கள் வருகைப் பதிவேட்டைப் பார்த்தார். 5.10.1995 முதல் நான்கு வேலை நாட்கள் பத்தொன்பது பேரும் ஒன்றாக விடுப்பில் இருந்ததாக அதில் உள்ளது. விடுப்பு மனுக்கள் எல்லாம் விடுப்பு முடிந்த பிறகான தேதியில், ஒரே கையெழுத்தில் உள்ளன. வராதவர்களுக்குப் பிறகு விடுப்புத் தயாரித்து, எங்கள் பணி இடைவெளியின்றித் தொடர்ந்ததாக மேலாளர் பொய்யாகக் காட்டினார் என்பது அறிவிப்பின் சாரம். அது உறுதியானால் அவர் மீது வழக்கு வரும். 480 நாள் வேலை பார்த்ததற்காகச் சட்டப்படி ஆகஸ்டு மாதம் எங்களுக்குக் கிடைத்த நிரந்தர ஆணையும் செல்லாமல் போகும். அதிகாரி மீது எங்களுக்கு வருத்தம் இல்லை. தாள்களை மட்டும் பார்த்திருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். தாளில் இல்லாததைச் சொல்லவே இம்மனு.

3. குற்றம் என்னுடையது. இங்கு வருமுன் பதினோரு ஆண்டுகள் இதே வட்டாரத்தில் மூன்று பட்டறைகளில் இருந்தேன். அங்கெல்லாம் 240 நாள் நிறையுமுன் 'பிரேக்' என்று பத்து நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பிறகு புது ஆளாக எடுத்துக்கொள்வார்கள். நிறைந்துவிட்டால் சட்டம் எங்கள் பக்கம் வந்துவிடுமாம். ஒரு முறை என்னை என் தங்கை வசந்தாவின் பெயரில் எடுத்தார்கள். அந்த வருடம் வீட்டில் வசந்தா என்று கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்புவோம்.

ஆகவே நாள் எண்ணுவதில் நான் கெட்டி. மாதக் காலண்டரில் பென்சிலால் கோடு போட்டு வந்தேன். ஆயுத பூஜை முடிந்த புதன்கிழமையோடு 230 ஆயிற்று. கேட்டில் நிறுத்தித் திருப்பி அனுப்புவதைவிட நாமே நின்றுகொள்வது மரியாதை என்று நினைத்தேன். "நாளைலேர்ந்து பிரேக்கு, ஒருத்தியும் போவாதீங்க, கேட்டாண்ட நின்னு அசிங்கப்படாதீங்க" என்று பதினெட்டுப் பேருக்கும் சொன்னவள் நானே. கம்பெனியில் யாரும் எங்களைப் போகச் சொல்லவில்லை. போகவா என்று நாங்களும் கேட்கவில்லை.

4. முதல் நாள் லாரன்ஸ் சார் அரசு விடுமுறைப் பட்டியலை எடுத்துப் பார்த்தாராம். இரண்டாம் நாள் வேலைநிறுத்தம் என்று எண்ணி, கோரிக்கைக் கடிதம் எங்காவது வைத்திருக்கிறோமா என்று மேசை மேசையாகத் தேடினாராம். இவை எழுத்தர் மணவாளன் பிறகு சொன்னவை. நான்காம் நாளான திங்கட்கிழமை, மணவாளன் ஓட்டிய ஸ்கூட்டரின் பின்னால் லாரன்ஸ் சார் முழங்காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு அயனம்பாக்கம் வந்தார். நான் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். "இன்னா சார், ஊடு தேடிகினு வந்துட்டீங்க? பிரேக்குதானே, பத்து நாள்ல நாங்களே வந்துடுவோம். வேற பேர்ல எழுதிக்கினாலும் பரவால்ல" என்றேன்.

மணவாளனுக்கு அதை இங்கிலீஷில் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: நான் உன்னை எப்போது போகச் சொன்னேன்? எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, ஐயா. பிறகு அவர் தன் டைரியைத் திறந்து காட்டினார். அதிலும் எங்கள் நாட்கள் வரிசையாக எண்ணப்பட்டிருந்தன. 480 என்ற எண்ணைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார். நான் எங்களை அனுப்பப்போகும் நாளை எண்ணியிருந்தேன், அவர் எங்களை நிரந்தரமாக்கும் நாளை எண்ணியிருந்தார். இந்த ஊரில் ஆள் வைத்தால் இந்த ஊர்ச் சட்டப்படிதான் வைக்க வேண்டும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டாராம். மறுநாள் எட்டு மணிக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார்.

5. 10.10.1995 அன்று அனைவரும் வேலைக்குத் திரும்பினோம். எழுத்து நன்றாக இருக்கும் என்பதால் பத்தொன்பது விடுப்பு மனுக்களையும் நானே எழுதினேன். ஒரே கையெழுத்தாக இருப்பதற்குக் காரணம் அதுவே. அவரவர் கையெழுத்திட்டார்கள், பார்வதம் மட்டும் கைநாட்டு. மேலாளர் விடுப்பை அனுமதித்தார், ஆனால் செய்யாத வேலைக்குச் சம்பளம் கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "நல்லவருதான், ஆனா கஞ்சம்" என்று கஸ்தூரி முணுமுணுத்தது அவருக்குப் புரியவில்லை.

மணவாளன் எங்கள் நன்மைக்காகவே, "நாலாந்தேதி போட்டுக்கினா எல்லாம் சுத்தமா ஆயிடும்" என்றார். மேலாளர் ஒப்பவில்லை. பத்தாம் தேதி எழுதியதில் பத்தாம் தேதிதான் இருக்க வேண்டும் என்று அத்தனை மனுக்களிலும் அதையே போட வைத்தார். ஐயா, அன்று அவர் ஒரு சின்னப் பொய்க்கு இசைந்திருந்தால் அதிகாரி கண்டுபிடிக்க எதுவுமே இருந்திராது. பொய் எழுத மறுத்தவர் மீதுதான் பொய் எழுதியதாக அறிவிப்பு வந்திருக்கிறது.

6. வரும் டிசம்பரில் அவர் தம் நாட்டுக்குத் திரும்புகிறார். நம் சட்டத்தை நம்மைவிட மதித்த மனிதர், அதே சட்டத்தின் கறையோடு போவது எங்களுக்குத் தாங்கவில்லை. எனவே எங்கள் பத்தொன்பது பேரையும் நேரில் அழைத்து விசாரிக்கவும், அந்த நான்கு நாட்களை அனுமதித்த விடுப்பாகவே ஏற்று நடவடிக்கையை நிறுத்தவும் பணிவுடன் கோருகிறேன். யாரையாவது தண்டித்தே ஆக வேண்டுமென்றால், தவறாக நாள் எண்ணியவள் நான். என் ஆணையை மட்டும் ரத்து செய்து மற்ற பதினெட்டையும் விட்டுவிடுங்கள். இதை யாரும் சொல்லி நான் எழுதவில்லை.

7. அறிவிப்பில் தந்த பதினைந்து நாள் கெடு நேற்றோடு முடிந்தது. பூஜை விடுமுறைக்கு அண்ணனூரில் தாய்வீடு சென்றிருந்த பார்வதத்தின் கைநாட்டு நேற்று மாலைதான் கிடைத்தது. நேற்றைய தேதியையே போட்டுவிடு, யார் கேட்கப்போகிறார்கள் என்று மணவாளன் சொன்னார். எனக்குக் கை வரவில்லை. ஒரு நாள் தாமதத்தைப் பொறுத்து இம்மனுவை ஏற்கும்படி வேண்டுகிறேன்.

தங்கள் விசாரணைக்குக் காத்திருக்கும்,
து. லோகநாயகி
(மற்றும் பதினேழு கையொப்பங்கள், ஒரு கைநாட்டு)

இடம்: அயனம்பாக்கம்
நாள்: 23.10.1996